690 எஸ்எம்சி ஆரா, 698 மோனோவா? எச்பியை விடுங்கள், ஆர்பிஎம்மைப் பாருங்கள்

கேள்வி: இரட்டை சிலிண்டர் ஸ்ட்ரீட் பைக் ஓட்டிப் பழகியவன். இப்போது சூப்பர்மோட்டோவுக்கு (உயரமான ஆஃப்ரோடு வண்டியில் சாலை டயர் போட்ட வகை) மாற ஆசை. 2021 மாடல் கேடிஎம் 690 எஸ்எம்சி ஆர் ஒன்று செகண்ட் ஹேண்டாக விலைக்கு வருகிறது. இன்னொரு பக்கம் புதிய டுகாட்டி ஹைப்பர்மோட்டார்ட் 698 மோனோ. தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், விடுமுறையில் மலைப்பாதை, எப்போதாவது கார்ட்டிங் டிராக். என் உயரம் 170 செ.மீ. ஸ்பெக்கைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கிற உபயோகத்துக்கு கேடிஎம்தான். டிராக்தான் முதன்மை, மற்றதெல்லாம் பிறகு என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் டுகாட்டி என்றிருப்பேன். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, அது நீங்கள் பார்த்த அந்த ஸ்பெக்கிலேயே இருக்கிறது, ஆனால் எல்லோரும் பார்க்கிற வரியில் இல்லை.

எல்லோரும் பார்ப்பது எச்பியும் எடையும். கேடிஎம் 74, டுகாட்டி 77.5 குதிரைத்திறன். பெட்ரோல் இல்லாமல் ஒன்று 147 கிலோ, மற்றது 151. இதை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது சரி, வித்தியாசமே தெரியாது. அடுத்த வரிக்குப் போங்கள். கேடிஎம் இன்ஜினின் உச்ச டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் பலம், 73.5 நியூட்டன் மீட்டர்; அது 6,500 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வந்துவிடுகிறது, உச்ச சக்தி 8,000-த்தில். டுகாட்டியின் 63 நியூட்டன் மீட்டர் வருவதே 8,000-த்தில், உச்ச சக்திக்கு 9,750 வரை ஏற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 6,500-இல் கேடிஎம் கிட்டத்தட்ட 67 குதிரைத்திறனைக் கையில் வைத்திருக்கும். அதாவது தன்னிடம் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு, டுகாட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில்.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் இரண்டு வண்டிகளின் குணமும் புரிந்துவிடும். கேடிஎம்மின் இந்த எல்சி4 இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 105 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், 80 மி.மீ. டுகாட்டி அதே வழியில் இன்னும் வெகுதூரம் போயிருக்கிறது: தன் 1299 பனிகாலே சூப்பர்பைக்கின் அந்தப் பெரிய 116 மி.மீ. பிஸ்டனையே அடிப்படையாக எடுத்து, ஸ்ட்ரோக்கை வெறும் 62.4 மி.மீ. ஆக வைத்தார்கள். பிஸ்டன் பயணிக்கிற தூரம் குறைவு என்பதால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது திணறுவதில்லை. 9,750 ஆர்பிஎம்மில் அலறும் டுகாட்டியின் பிஸ்டனுடைய சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 20 மீட்டர். 8,000-த்தில் இருக்கும் கேடிஎம்முக்கோ 21 மீட்டருக்கு மேல்! மீட்டரைப் பார்த்தால் டுகாட்டி உயிரைக் கொடுத்து ஓடுவது போலத் தெரியும், உள்ளே அதற்கு அது சாதாரண வேலை. சிங்கிள் சிலிண்டரில் இப்படி ஒன்றைச் செய்து காட்டியதற்கு டுகாட்டியைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, சாலையில் இது எப்படித் தெரியும்? மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு முடிகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேடிஎம்மில் மூன்றாவது கியரிலேயே வந்து, 4,000 ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் மேலே இன்ஜின் சுற்றும்போது த்ராட்டிலைத் திறந்தால் போதும், பின்சக்கரம் தார்ச் சாலையைப் பிடித்துத் தள்ளுவது இடுப்பில் தெரியும், முன்சக்கரம் கனமிழந்து மிதக்க ஆரம்பிக்கும். டுகாட்டியில் அதே வளைவை இரண்டாவது கியரில் எடுத்தால்தான் அந்த உந்தல் கிடைக்கும். அப்படி எடுத்துவிட்டீர்களானால் அடுத்து வருவது வேறு மாதிரி சுகம்: 7,000-ஐத் தாண்டியதும் இன்ஜின் இன்னொரு மூச்சு எடுத்து, கேடிஎம் மேல் கியருக்குப் போய்விட்ட இடத்திலும் அதே கியரில் இழுத்துக்கொண்டே போகும். ஒன்று வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும், மற்றது உங்களையும் சேர்ந்து வேலை செய்யச் சொல்லும். வேலைக்குப் போகும் வழியில், சிக்னலுக்கு சிக்னல், யாருக்கு 8,000 ஆர்பிஎம் வாய்க்கிறது?

ஒரு எச்சரிக்கை: இரட்டை சிலிண்டரிலிருந்து வருகிறீர்கள், அதனால் முதல் சில நாள் இரண்டு வண்டியுமே உங்களுக்கு முரட்டுத்தனமாகப்படும். 3,000-க்குக் கீழே உயர் கியரில் இழுத்தால் இரண்டுமே செயினை உதறும், அது பழுது அல்ல. ஒரு கியர் குறைத்து, கிளட்ச்சை லேசாகத் தொட்டுக்கொண்டே நகர்வதுதான் நெரிசலில் பெரிய சிங்கிள் ஓட்டுகிற முறை. வைப்ரேஷனைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். இரண்டிலும் அதிர்வைக் குறைக்கும் இரண்டு பேலன்சர் ஷாஃப்ட் உண்டு, பழைய காலத்து சிங்கிள் மாதிரி கை மரத்துப்போகாது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்ட இரண்டுமே சரிப்படாது. காற்றுத் தடுப்பு கிடையாது, சீட் பலகை மாதிரி.

இப்போது சேஸிஸ். கேடிஎம்மின் 13.5 லிட்டர் டேங்க் முன்னால் இல்லை, சீட்டுக்கு அடியிலும் பின்னாலும் இருக்கிறது, பின்பக்கச் சட்டகமே அதுதான். பெட்ரோல் போடும் மூடியும் சீட்டுக்குப் பின்னால். அதனால் இரண்டு விளைவுகள். பின்னால் பை கட்டினால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் அவிழ்க்க வேண்டியிருக்கும், தினசரி ஓட்டத்துக்கு இது ஒரு தொல்லைதான். இன்னொன்று, டேங்க் நிறைந்திருக்கும்போது எடை பின்னுக்குப் போவதால் முன்சக்கரம் சொல்லும் செய்தி கொஞ்சம் மங்கும். பாதி தீர்ந்த பிறகு அதே வண்டி இன்னும் கூர்மையாகத் திரும்பும். டுகாட்டியில் 12 லிட்டர் வழக்கமான இடத்திலேயே இருக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கத்தின் மேல் வருகிற நம்பிக்கையில் டுகாட்டி ஒரு படி மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டிலும் சஸ்பென்ஷன் பயணம் 200 மி.மீ.க்கு மேல். பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன்பக்கம் ஆழமாகக் குனியும். ஸ்ட்ரீட் பைக் பழக்கத்தில் இது பயமாக இருக்கும், ஆனால் முதலில் மெதுவாகத் தொட்டு ஃபோர்க் இறங்கிய பிறகு அழுத்தினால் டயர் அப்படியே தரையில் ஊன்றிக்கொள்ளும். உடம்பை வளைவுக்குள் தொங்கவிடாதீர்கள். நீங்கள் நிமிர்ந்திருங்கள், அகலமான ஹேண்டில்பாரால் வண்டியை உங்களுக்குக் கீழே சாயுங்கள்.

டிராக்கில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு நுழைய ஆசைப்பட்டால், கேடிஎம்மின் சூப்பர்மோட்டோ மோடு பின் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) முழுதாக அணைத்துவிட்டு உங்கள் காலிடம் ஒப்படைக்கும். டுகாட்டியில் நான்கு ஏபிஎஸ் நிலைகள். அவற்றில் நடுவில் உள்ளவை பின்சக்கரம் எவ்வளவு விலகலாம் என்று ஓர் எல்லை வைத்து வழுக்கவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய உதவி. டிராக்தான் முதன்மை என்றால் டுகாட்டி என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரம் விஷயம்: கேடிஎம் சீட் சுமார் 890 மி.மீ., டுகாட்டி 904. 170 செ.மீ.க்கு இரண்டிலுமே இரண்டு பாதமும் ஊன்ற முடியாது. சீட் ஒடுக்கம், வண்டி லேசு என்பதால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு காலை முழுசாக ஊன்றிப் பழகினால் போதும்.

பராமரிப்பில் டுகாட்டி முந்துகிறது, பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. கேடிஎம்முக்கு 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ். டுகாட்டிக்கு 15,000, வால்வ் கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுகளின் இடைவெளி) பார்ப்பது 30,000-த்தில். தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்பதால் இது கணக்கில் வரும், ஆனால் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் இடையில் இருக்கும் விலை வித்தியாசம் பல சர்வீஸ்களுக்குத் தாங்கும்.

அந்த 2021 வண்டியை எடுக்கும் முன் சர்வீஸ் புத்தகத்தில் வால்வ் கிளியரன்ஸ் பார்த்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி மேற்பகுதியிலிருந்து வருகிற சத்தத்தைக் கேளுங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், வீலி அடித்து, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி, இறக்கிய வண்டி என்றால் தளர்ந்திருக்கும். ஸ்டியரிங் பேரிங்கிலும் ஆட்டம் இருக்கலாம். வண்டி திருப்தியாக இல்லையென்றால் அதே இன்ஜினோடு வந்த ஹஸ்க்வர்னா 701 சூப்பர்மோட்டோ, கேஸ்கேஸ் எஸ்எம் 700 இரண்டையும் தேடிப் பாருங்கள், அடிப்படையில் ஒரே வண்டிதான்.

எடுத்த பிறகு டயரை மாற்றுவது, எக்ஸாஸ்ட் மாற்றுவது எல்லாம் அப்புறம். முதலில் பின் ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை உங்கள் எடைக்குச் சரிசெய்யுங்கள், முன்னால் ஓட்டியவர் தன் எடைக்கு வைத்திருந்த அமைப்பிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி திரும்பவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.