அம்மாயியின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவின் அம்மாவுக்கு, எங்கள் அம்மாயிக்கு, இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கலியாணம் கட்டி வந்த அதே லயத்தில்தான், தொழிலாளர் வரிசை வீட்டில்தான், இன்னும் இருக்கிறார். கொழும்புக்கு வாங்க என்றால், "அந்தப் புழுக்கத்துல நா எதுக்கு?" என்கிறார்.

ஏழு பிள்ளை பெற்று ஐந்தை வளர்த்தவர். அவருடைய அக்கா குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது. தாத்தாவுக்கும் இந்தியப் பாஸ்போட் வந்ததாம், அம்மாயிதான் போக மாட்டேன் என்று நின்றாராம். பெரிய மாமா 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனவர். அம்மா 1974இல் பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு வந்தவர். அப்படித்தான் நாங்கள் இங்கே.

அம்மாயியின் வாழ்க்கையை எழுத ஆசை. "பொறுமையின் சிகரம்" என்று தொடங்கினேன், மூன்று பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. சின்ன மாமா, "கஷ்டப்பட்டு எங்கள வளத்துச்சு, அவ்வளவுதான். இதுல எழுத என்னா இருக்கு?" என்கிறார். அம்மாயியைக் கேட்டால், "என்னத்த சொல்ல, எல்லாம் ஓடிப்போச்சு" என்கிறார். அம்மாவோ, தான் வீட்டு வேலைக்கு வந்ததை மட்டும் எழுதவே கூடாது என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கொழும்பு 13

*

அன்புள்ள தங்கச்சி,

முதல் வேலையாக அந்தப் "பொறுமையின் சிகர"த்தை வெட்டிவிடுங்கள். மலையகத் தோட்டத்துப் பெண்ணைப் பொறுமைசாலி என்று புகழாதவர் யார்? தோட்ட நிர்வாகம் புகழ்ந்தது. தொழிற்சங்க மேடை மே தினத்துக்கு மே தினம் புகழ்கிறது. வீட்டு ஆம்பிளைகளும் குறை வைக்கவில்லை. அவர் பொறுத்துப்போனதில் ஆதாயம் கண்டவர்கள்தான் அந்தப் பட்டத்தை அள்ளிக் கொடுத்தார்கள் என்பது என் கட்சி.

உங்கள் கதை கடிதத்தின் நடுவில் கிடக்கிறது. "அம்மாயிதான் போக மாட்டேன் என்று நின்றாராம்." அரை வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். அங்கே நில்லுங்கள்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அம்மாயிக்குப் பதினாலு, பதினைந்து வயது இருந்திருக்கும். பிறந்த ஊரிலேயே நாடற்றவரானார். அடுத்த வருடம் இன்னொரு சட்டம், "விண்ணப்பம் போடுங்கள், பார்க்கலாம்" என்றது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் கலியாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் கிடந்த சனத்திடம் அதற்கு ஏது கடதாசி? எட்டு இலட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள். கிடைத்தது ஒன்றரை இலட்சம் பேருக்கும் குறைவாக. பிறகு 1964 அக்டோபர் 30, நீங்கள் சொன்ன சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். சொத்துக்குப் பாகப்பிரிவினை எழுதுகிற மாதிரி 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எழுதினார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாப் பக்கம், 3 இலட்சம் இலங்கைப் பக்கம். மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அக்காவை ஏற்றிவிட அம்மாயி எந்த ஸ்டேசன் வரை போனார்? யாருடைய பிள்ளை யார் இடுப்பில் இருந்தது? இந்தியாவிலிருந்து முதல் கடிதம் எப்போது வந்தது, அதை யார் வாசித்துக் காட்டினார்கள்? இதையெல்லாம் கேளுங்கள்.

அதே கோச்சியில் ஏறவேண்டிய கடதாசி தன் வீட்டுக்கும் வந்தபோது ஒரு பெண் புருஷனைப் பார்த்து "நா வரல" என்றால், அதற்குப் பொறுமை என்றா பேர்? அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார். இந்தியப் பிரஜை என்ற பேரோடு இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். 1984இல் இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுபோனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இப்படி நின்றுபோனவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு வழி பிறந்தது. முதல் வாக்கைப் போடும்போது அம்மாயி எழுபதை எட்டியிருப்பார். யாருக்குப் போட்டார் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்.

ஏன் போகவில்லை என்பதற்கு நீங்களாகக் காரணம் கட்டிவிட வேண்டாம். மண் பாசம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். மாமியாரோடு ஒரே கப்பலில் போகப் பிடிக்காமல்கூட இருந்திருக்கலாம். வளர்த்த மாடு சினையாக இருந்திருக்கலாம். காரணம் சின்னதாக இருந்தால் சின்னதாகவே எழுதுங்கள்.

"என்னத்த சொல்ல" என்கிறாரே, அது நீங்கள் கேட்கிற கேள்விக்கான பதில். "எப்படி அம்மாயி இவ்வளவையும் தாங்குனீங்க?" என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள்? நீங்கள் கணக்கு எழுதுகிறவர், கணக்கைக் கேளுங்கள். ஒரு பேர் விழ, அதாவது ஒரு நாள் முழுக் கூலி பதிவாக, எத்தனை றாத்தல் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது? கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், மழைநாளில் தண்ணிக்கு எவ்வளவு? விடியுமுன் ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கூடைக்கயிறு உச்சந்தலையை அறுக்க மலை ஏறுகிறவர் பின்னேரம் தராசடியில் நிற்கும்போது அவர் கண் முள்ளில் இருக்காது, கணக்கப்பிள்ளையின் பென்சிலில் இருக்கும். தராசில் ஏறுகிற இலை ஒன்று, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறுகிற இலை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு போனது என்று மனதில் கூட்டி வைத்திராத கொழுந்துக்காரியை நான் கண்டதில்லை. எழுபது வருடத்துக் கணக்கு அந்தத் தலையில் இருக்கிறது. ஒரு கேள்வி சரியாகக் கேட்டால் அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்டவனின் அப்பன் பேரோடு சேர்த்து வரும்.

அடுத்தது, சம்பளம். 1984 வரை அதே தோட்டத்தில், அதே நாளுக்கு, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன ஆம்பிளை நேரத்தோடு இறங்கிவிடுவார், கொழுந்துக்காரி கடைசி நிறுவை வரை நிற்க வேண்டும். அந்தக் குறைந்த கூலியையும் பல வீடுகளில் அப்பனோ புருஷனோதான் போய் வாங்கினார்கள். உங்கள் வீட்டில் எப்படி? தாத்தா வாங்கினார் என்றால், எந்த வருடம் முதல் அம்மாயி தானே கைநீட்டி வாங்கினார், அதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிடைத்த கைக்காசு யார் மடியில் இருந்தது? சீட்டுப் பிடித்தாரா? தோடு எத்தனை தடவை அடகுக்குப் போய் வந்தது? இதையெல்லாம் கேட்டால் தாத்தாவின் படம் கொஞ்சம் கறுக்கலாம். சின்ன மாமாவுக்குப் பிடிக்காமல் போகலாம். "எழுத என்னா இருக்கு" என்று அவர் சொல்வதில் இந்தப் பயமும் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

அம்மா விஷயத்தில் உங்களுக்கு நான் துணை வர மாட்டேன். அது அம்மாவின் வாழ்க்கை. அவர் சம்மதிக்காமல் ஒரு வரியும் வேண்டாம். அம்மாயி செத்தாலும் வேண்டாம், பரிசு கிடைக்கும் என்றாலும் வேண்டாம். ஆனால் அம்மாவிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். 1973, 74 தோட்டங்களில் பஞ்சகாலம். மாவும் அரிசியும் சுருங்கி, பட்டினிச் சாவு விழுந்த காலம். எத்தனையோ குடும்பங்கள் டவுன்களில் கையேந்தி நின்றன. அந்த வருடத்தில் ஒரு பிள்ளையை மூன்று வேளைச் சோறு உள்ள வீட்டுக்கு அனுப்பியதில் அந்தப் பிள்ளை வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். ஐந்தில் எந்தப் பிள்ளையை அனுப்புவது என்று அம்மாயி எப்படி முடிவெடுத்தார் என்பதை அம்மா இதுவரை கேட்டிருக்கிறாரா? நீங்கள் கேட்க வேண்டாம். அம்மாவே கேட்கட்டும். அவர்கள் பேசும்போது போனையும் நிறுத்தி வையுங்கள்.

மற்றபடி சின்ன விஷயங்கள்தான். கொழும்பு 7இல் சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, பிறகு போகலாம். முதலில் அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிற அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், மலையகத்தில் அது புதிதில்லை. திருவிழாவுக்குக் கூட்டத்தோடு போய்க் கேட்காதீர்கள். சாதாரண நாளில் போய் இஸ்தோப்புத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டு கேளுங்கள். அவர் பேசுகிறபடியே எழுதுங்கள், கொழும்பு வெள்ளவத்தையின் படித்த தமிழாகத் திருத்திவிடாதீர்கள். இறந்துபோன இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவராகத் தொடங்கினால் மட்டும் கேளுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. தோட்டப் பதிவில் பேர் வெட்டி ஓய்வு பெற்றபோது சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒன்றாகக் கையில் வந்திருக்குமே, அவர் ஆயுளிலேயே பெரிய தொகை. அதை என்ன செய்தார்? யார் யார் கேட்டார்கள், யாருக்கு இல்லை என்றார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.