அண்ணனின் அச்சமும் நம்முடைய கணக்கும்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் தூத்தூருக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரைக் கிராமம். இப்போது நாகர்கோவிலில் வங்கிப் பணியில் இருக்கிறேன். மூத்த அண்ணன் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தூண்டில் தொழில் செய்பவர். 2017இல் ஓகி புயல் அடித்தபோது அவர் கடலில் இருந்தார். அவருடைய போட் கரை சேர்ந்தது. அவருடன் ஒன்றாக வளர்ந்த நண்பர் சென்ற போட் வரவில்லை. அதற்குப் பிறகும் அண்ணன் தொழிலுக்குப் போனார், கடன் வாங்கி ஒரு போட்டில் பங்கும் எடுத்தார். இப்போது அந்தப் பங்கை விற்றுவிட்டுக் கரையில் ஏதாவது வேலை பார்க்கிறேன் என்கிறார். இன்று விற்றால் போட்ட பணத்தில் பாதிகூடத் தேறாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினால், "சரி, இந்த வருஷம் போறேன்" என்று அவரே சொல்கிறார். தடை முடிந்து போட்டில் ஐஸ் ஏற்றும் நாள் வந்ததும் கை நடுங்குகிறது, முடியாது என்கிறார். மூளையில் அமிக்டலா என்ற பகுதிதான் பயத்தின் இருப்பிடம் என்றும், அது அறிவைக் கைப்பற்றிவிடும்போதுதான் மனிதர்கள் தவறான முடிவெடுக்கிறார்கள் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். அண்ணனிடம் அதைக் காட்டி, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு அறிவால் முடிவெடுக்கச் சொன்னேன். அன்று முதல் அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அறிவியல்படி நான் சொன்னது சரிதானே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அண்ணன் மீதுள்ள அன்பு தெளிவாகத் தெரிகிறது. இருந்தாலும் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: நீங்கள் சொன்னது சரியல்ல. அண்ணன் உணர்ச்சியின் பக்கம் நிற்கிறார், நீங்கள் அறிவின் பக்கம் நிற்கிறீர்கள் என்று குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதற்கு, கடந்த நாற்பது ஆண்டுகளின் மூளை ஆய்வுகளோ உளவியல் ஆய்வுகளோ இடம் தருவதில்லை.

அந்தக் காணொளியிலிருந்து தொடங்குகிறேன். ஆபத்தை உணர்ந்து உடல் எதிர்வினை செய்வதில் அமிக்டலாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதை விலங்குகளில் விரிவாக ஆராய்ந்து காட்டியவர்களில் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ. அதை அச்சத்தின் இருப்பிடம் என்று அழைப்பது பிழையான புரிதலைத் தருகிறது என்று பிற்காலத்தில் வலியுறுத்தி எழுதியவரும் அவரே. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் எதிர்வினை வேறு, 'நான் பயப்படுகிறேன்' என்று ஒருவர் உணர்வது வேறு, பின்னது மூளையின் பல பகுதிகள் சேர்ந்து உருவாக்குவது என்பது அவருடைய வாதம். இதற்கு வலுவான ஒரு சான்றும் இருக்கிறது. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு அரிய மரபணு நோய் ஒன்றால் இரு பக்க அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. பாம்பையும் சிலந்தியையும் கண்டு அவர் அஞ்சுவதில்லை. ஆனால் 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது அவரும், அதே பாதிப்புள்ள வேறு இருவரும் கடும் பீதிக்கு உள்ளானார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு இது. அச்சத்தின் இருப்பிடம் அழிந்திருந்தால் அந்தப் பீதி எங்கிருந்து வந்தது?

எஸ்.எம்மின் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அச்சமின்மை அவருக்கு வரமாக அமையவில்லை. கத்தியும் துப்பாக்கியும் காட்டி அவர் மிரட்டப்பட்டிருக்கிறார். ஆபத்தான சூழலை முன்கூட்டியே உணர்ந்து விலக அவரால் இயலாததும் இதற்கு ஒரு காரணம் என்று அவரை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

உணர்ச்சியை ஒதுக்கினால் முடிவு தெளிவாகும் என்ற உங்கள் அறிவுரைக்கு இனி வருகிறேன். உண்மையாகவே உணர்ச்சி ஒதுக்கப்பட்டுவிட்ட மனிதர்களை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ நீண்ட காலம் ஆராய்ந்தார். எலியட் என்ற புனைபெயரில் அவர் விவரிக்கும் நோயாளிக்கு, நெற்றிக்குப் பின்னால் கண்குழிகளுக்கு மேலே அமைந்த மூளைப்பகுதியில் வளர்ந்த கட்டியை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். அறிவுத்திறன் சோதனைகளில் முன்போலவே நல்ல மதிப்பெண் பெற்றார். நினைவும் மொழியும் பழுதின்றி இருந்தன. ஆனால் வேலையை இழந்தார், தவறான கூட்டாளியோடு தொழிலில் இறங்கிப் பணத்தை இழந்தார், திருமண வாழ்வும் முறிந்தது. தன் அழிவின் கதையை அவர் யாரோ ஒருவருடைய கதையைப் போல அமைதியாகச் சொன்னார் என்கிறார் டமாசியோ. கேட்டுக்கொண்டிருந்த மருத்துவருக்கு ஏற்பட்ட துயரம்கூடச் சொன்னவருக்கு ஏற்படவில்லை.

இதே வகைப் பாதிப்பு உடைய வேறொரு நோயாளி ஒரு பனிக்காலக் காலையில் மருத்துவமனைக்குக் காரோட்டி வந்தார். சாலையில் பனி உறைந்து வண்டிகள் வழுக்கிக்கொண்டிருந்தன. அவருக்கு முன்னே சென்ற வண்டி கட்டுப்பாட்டை இழந்து சாலையை விட்டு விலகியதைக் கண்டும் அவர் பதறவில்லை; வழுக்கும் சாலையில் செய்ய வேண்டியதை முறைப்படி செய்து பத்திரமாக வந்து சேர்ந்தார். மறுநாள், அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் டமாசியோ. நோயாளி நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, முன்பே ஒப்புக்கொண்ட வேலைகள், வானிலை வாய்ப்புகள் என்று இரு தேதிகளின் நன்மை தீமைகளையும் ஏறத்தாழ அரை மணி நேரம் அடுக்கிக்கொண்டே போனார். இறுதியில் டமாசியோவே ஒரு தேதியைச் சொன்னபோது உடனே ஏற்றுக்கொண்டார். கணக்குப் போடும் திறன் முழுமையாக இருந்தும், எந்தக் கணக்கை எங்கே நிறுத்துவது, எது நமக்குப் பொருட்டு, எது பொருட்டல்ல என்று உணர்த்தும் ஒன்று அவரிடம் இல்லை. பனிச்சாலையில் அவரைக் காத்த அதே பதற்றமின்மைதான் ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கவும் விடவில்லை. என் வாசிப்பில் இந்தத் துறையைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் புரியவைத்த நிகழ்வு வேறில்லை.

முடிவெடுக்கும்போது உடலில் எழும் உணர்ச்சிக் குறிப்புகள் நமக்கு வழிகாட்டுகின்றன என்ற டமாசியோவின் கோட்பாடு முழுவதும் நிறுவப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவருடைய குழு உருவாக்கிய, நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து விளையாடும் சோதனை புகழ்பெற்றது. எந்தக் கட்டு நட்டம் தரும் என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதை நோக்கிக் கை போகும்போது உள்ளங்கை வியர்க்கத் தொடங்குகிறது என்று 1997இல் எழுதினார்கள். 2004இல் மாயா, மெக்லெலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதே விளையாட்டை இன்னும் நுணுக்கமான கேள்விகளோடு நடத்தியபோது, விளையாடுபவர்கள் அந்தக் கட்டத்திலேயே கணிசமாக அறிந்திருந்தார்கள் என்று தெரியவந்தது. எனவே, உடல் அறிவை முந்திக்கொண்டு முடிவெடுக்கிறது என்ற கவர்ச்சியான வாக்கியத்தை நான் பயன்படுத்த மாட்டேன். உணர்ச்சி பழுதுபட்டால் முடிவெடுக்கும் திறனும் பழுதுபடுகிறது என்ற மருத்துவச் சான்று அந்த விவாதத்தையும் தாண்டி நிற்கிறது. உங்கள் கேள்விக்கு அவ்வளவே போதும்.

அப்படியானால் அண்ணனின் அச்சம் சொல்வதெல்லாம் சரியா என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் அல்ல. அச்சம் அளவு பிசகக்கூடியது. ஆனால் எந்தத் திசையில் பிசகும் என்பதில்தான் நம் பொதுப்புத்தி தவறுகிறது. 2004இல் ரால்ஃப் ஹெர்ட்விக்கும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனையில், சிலருக்கு ஒவ்வொரு தெரிவிலும் உள்ள வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று எழுதிக் காட்டப்பட்டது. மற்றவர்கள் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தித் தாமே அனுபவித்து அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. எழுத்தில் படித்தவர்கள் அரிதான நிகழ்வுக்கு அளவுக்கு மேல் எடை கொடுத்தார்கள். அனுபவத்தால் அறிந்தவர்களோ அதற்கு உரிய எடையைக்கூடக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவர்களில் பலர் அந்த அரிய நிகழ்வைச் சந்திக்கவே இல்லை. இதை நம் கடற்கரையோடு பொருத்திப் பாருங்கள். வங்கக் கடலின் கரைகளைப்போல அடிக்கடி புயலைச் சந்தித்த கரை அல்ல குமரியின் மேற்குக் கரை. நாற்பது ஆண்டுகள் தொழில் செய்தும் பெரும்புயலில் சிக்காத ஒருவர் "கடல் எனக்குத் தெரியும், ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது தைரியமாக நமக்குத் தோன்றுகிறது. அது குறைவான சான்றிலிருந்து வந்த கணிப்பாகவும் இருக்கலாம். உங்கள் அண்ணனுடைய அனுபவத்தில் அந்த அரிய நிகழ்வு இடம்பெற்றுவிட்டது, நண்பரின் முகத்தோடு இடம்பெற்றிருக்கிறது. அவர் அதற்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். மற்றவர்கள் மிகக் குறைவாகக் கொடுக்கலாம். கரையில் இருக்கும் நாம் இந்த இருவரில் ஒருவரைப் பகுத்தறிவாளர் என்றும் மற்றவரைக் கோழை என்றும் தீர்ப்பளிக்க நம்மிடம் தராசு எதுவும் இல்லை.

இப்போது உங்களைப் பற்றி. வருந்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பங்கை விற்கக் கூடாது என்பதற்கு நீங்கள் எழுதியிருக்கும் ஒரே காரணம், போட்ட பணத்தில் பாதிகூடத் தேறாது என்பது. போன பணம், விற்றாலும் விற்காவிட்டாலும் போன பணம்தான். இனி வரப்போவது என்ன என்பதைப் பொறுத்தே முடிவு அமைய வேண்டும் என்பதை வங்கியில் பணிபுரியும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் மனம் அதை ஏற்பதில்லை. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் ப்ளூமரும் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு நாடக அரங்கின் ஆண்டுச் சீட்டைச் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் குலுக்கல்போலக் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் அந்த ஆண்டின் முற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் இரு சாராருக்கும் ஒன்றே. கொடுத்த பணம் மட்டும் வேறு. இழப்பு, அதே அளவு ஆதாயத்தைவிடக் கூடுதலாக மனத்தில் உறைக்கிறது என்று 1979இல் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதியது இந்தத் துறையின் அடித்தளக் கட்டுரைகளில் ஒன்று. ஆக, உங்கள் வீட்டில் அச்சம் இரண்டு உண்டு. ஒன்று கடலைக் கண்டு எழுவது, மற்றொன்று நட்டத்தைக் கண்டு எழுவது. இரண்டாவது கணக்கின் மொழியில் பேசுவதால் அதை நாம் அறிவு என்று எண்ணிக்கொள்கிறோம்.

தடைக்காலத்தில் சம்மதித்துவிட்டுப் பிறகு மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு குற்றச்சாட்டு தொனிக்கிறது. அது நியாயமில்லை என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும். கற்ற அச்சம் தணிவது, அழிவதல்ல. ஒருமுறை மங்கிய கற்ற எதிர்வினை சிறிது ஓய்வுக்குப் பின் தானாகத் திரும்புவதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவே தம் நாய்களிடம் கண்டிருக்கிறார். பிற்காலத்தில் உளவியலாளர் மார்க் பௌட்டன் தொடர்ந்து செய்த ஆய்வுகள், அச்சம் தணிந்த சூழலை விட்டு மாறினால் அது மீளக்கூடும் என்பதைக் காட்டின. வீட்டு முற்றத்தில் தணிந்திருப்பது ஐஸ் பெட்டியின் குளிரிலும் டீசல் வாடையிலும் எழுவது இயல்பே. இதோடு, அமைதியாக இருக்கும் மனம், கலங்கிய நிலையில் தான் எப்படி இருக்கும் என்பதைக் குறைத்தே கணிக்கிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டைன் பல சான்றுகளுடன் எழுதியிருக்கிறார். ஜூன், ஜூலை மாதங்களில் உங்கள் அண்ணன் கொடுக்கும் சம்மதம் பொய்யல்ல. அந்த நேரத்தில் அவருக்கே தம் அச்சத்தின் முழு அளவு தெரிவதில்லை. அவருக்கே தெரியாததை, அந்தக் கடலில் அந்த இரவில் இல்லாத நாம் எப்படி அளக்க முடியும்?

இதனால் நான் அஞ்சுவது ஒன்று உண்டு. மூளையைப் பற்றிய அரைகுறைச் செய்திகள், வீட்டில் ஒருவரை வாயடைக்கச் செய்யும் கருவியாக மாறிவருகின்றன. 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தபோதும், அவர்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேட வேண்டும் என்ற கோரிக்கையை அந்தத் துயரமும் கோபமும் அல்லாமல் வேறு எது அவ்வளவு தூரம் கொண்டுசேர்த்திருக்கும்?

நீங்கள் செய்யக்கூடியவற்றையும் எழுதுகிறேன். கை நடுக்கம் ஐஸ் ஏற்றும் நாளோடு நிற்கிறதா, உறக்கத்தில் கனவாக வருகிறதா, நண்பரின் பேச்சை எடுத்தாலே விலகிப்போகிறாரா என்று மெல்லக் கவனியுங்கள். அப்படியெல்லாம் இருந்தால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம். பேரிடருக்குப் பின் வரும் இத்தகைய அச்சத்துக்குப் படிப்படியாக அதை எதிர்கொள்ளப் பழக்கும் பயனுள்ள சிகிச்சை முறைகள் உள்ளன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். தயக்கம் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை பெற்றால் அவர் மீண்டும் கடலுக்குப் போவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நடுக்கம் நீங்கிய பிறகும் விற்கவே அவர் விரும்பலாம்.

பங்கைப் பற்றி அவரோடு பேசும்போது, வாங்கிய விலையைப் பேச்சில் சேர்க்காதீர்கள். இன்று அந்தப் பங்கு என்ன விலைக்குப் போகும், விற்ற பிறகு கடனில் எவ்வளவு மிஞ்சும், கரையில் அவர் மனத்தில் வைத்திருக்கும் வேலை என்ன, அதில் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வங்கி அனுபவம் உள்ள தங்கையாக அந்தத் தாளை எழுத உங்களைவிடத் தகுந்தவர் அந்த வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு, அந்தக் காணொளியைக் காட்டியதற்காக அண்ணனிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்.