கராஜ் வேலைக்குப் பிறகு ஸ்டார்ட் எடுக்காத வான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே முறைப்பாடு. கராஜுக்கு நன்றாக ஓடிக்கொண்டு போன வான், வேலை முடிந்ததும் வெளியே வர மறுக்கிறது. பழைய வான்தானே, வேறு ஏதும் பழுதாகியிருக்கும் என்று தேடப் போகாதீர்கள். கை வைத்த இடத்தையும் அதற்குப் பக்கத்தில் கழற்றினதையும் முதலில் பாருங்கள்.

மல்லாவியிலிருந்து: டொல்பின் வான் (டொயோட்டா ஹைஏஸ்), 2எல் டீசல் எஞ்சின். டாங்க் கழுவி, பில்டரும் மாற்றினோம். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் இல்லை.

சைலன்சரில் புகை வருகிறதா? அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. துளிப் புகையும் இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கை (ஸ்டார்ட் எடுக்கச் சிலிண்டரைச் சூடாக்குவது) பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் லைனில் காற்று நின்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பில்டரின் தலையிலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமத்துங்கள். இறுகவே இல்லையென்றால் டாங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. கழற்றிப் பூட்டிய கிளிப்பையும் பில்டர் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பிறகு இன்ஜக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். முதலில் நுரை வரும், பிறகு சுத்த டீசல் துடித்துத் துடித்து வரும். அப்போது இறுக்குங்கள். முகத்தையும் கையையும் எட்ட வையுங்கள். ஒரு தடவைக்கு 10 செக்கனுக்கு மேல் சுற்ற வேண்டாம், ஸ்டார்டர் சூடாகிவிடும்.

நட்டைத் தளர்த்தியும் டீசல் வரவில்லையா? பம்பின் பின்பக்கம் டீசலை வெட்டுகிற சொலனொயிட்டுக்கு (கரண்டில் திறக்கும் வால்வு) ஒற்றை வயர் ஒன்று போகும். சாவியை ஓனில் வைத்து அந்த வயரைக் கழற்றி அதே முனையில் திரும்பத் தொட வைத்தால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரில் கரண்ட் இல்லை, அல்லது சொலனொயிட் செத்துவிட்டது.

புதுக்குடியிருப்பிலிருந்து: கிளச் பிளேட் மாற்றின பிறகு சாவி திருப்பினால் ‘டக்’ மட்டும்தான். பற்றரி புதிது.

கியர் பொக்ஸ் இறக்கியவர்கள் எர்த் வயரை (பற்றரி மைனசை எஞ்சின் இரும்போடு சேர்ப்பது) திரும்பப் பூட்டினார்களா என்று பாருங்கள். பூட்டியிருந்தாலும் துருவின் மேல் பூட்டியிருந்தால் பூட்டாத மாதிரித்தான். ஜம்பர் வயர் ஒன்றைப் பற்றரி மைனசிலிருந்து நேராக எஞ்சின் இரும்பில் பிடியுங்கள். சுற்றினால் பழுது அதுதான். சுரண்டி, சுத்தம் செய்து இறுக்கினால் காசு செலவில்லை. அப்படியும் சுற்றாவிட்டால் மட்டும் பற்றரியை அளந்து பாருங்கள்: சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும், சாவி திருப்பும்போது 10க்குக் கீழே விழக்கூடாது.

நெடுங்கேணியிலிருந்து: டொயோட்டா லைட்ஏஸ் வான், 5கே பெற்றோல் எஞ்சின். பிளக் வயர் மாற்றினதிலிருந்து காபரேட்டர் வழியாக வெடிக்கிறது.

தம்பி, 2ஆம் 3ஆம் வயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் டொயோட்டாக்களில் வெடிக்கும் ஒழுங்கு, அதாவது சிலிண்டர்களுக்குத் தீப்பொறி போகும் வரிசை, 1-3-4-2. கே வகை எஞ்சினில் அது 1-2-4-3. கைப்பழக்கத்தில் நல்ல மெக்கானிக்கும் இதில் சறுக்குவார்.

பரந்தனிலிருந்து: ரைமிங் பெல்ட் மாற்றியிருக்கு. தள்ளினால் மட்டும் வெள்ளைப் புகையோடு எடுக்கும். ஓட ஓடச் சரிவரும் என்கிறார்கள்.

சரிவராது. தள்ளுவதை இன்றே நிறுத்துங்கள். பெல்ட் ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தால், குறிப்பாக டீசல் பம்பின் பல்சக்கரத்தில், இப்படித்தான் எடுக்கும். கவரைக் கழற்றி, ஸ்பனரால் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கிராங்க், காம், பம்ப் மூன்றின் குறிகளும் சேருகின்றனவா என்று பாருங்கள். இடையில் எங்காவது தடுத்தால் பலவந்தப்படுத்தாதீர்கள், பிஸ்டனில் வால்வு முட்டுகிறது. ஹெட் வேலைக்குப் போகும் காசோடு ஒப்பிட்டால் கவர் கழற்றுவது ஒன்றுமில்லை. போட்டவரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாங்குளத்திலிருந்து: டீசல் வானுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால், அல்லது காற்றுக் குழாயில் பெற்றோல் துணி பிடித்தால் லேசாக எடுக்குமா?

ஐயா, போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டின ஆட்கள் நாங்கள், அந்த யோசனை வருவது இயல்பு. அன்றைக்கு வேறு வழி இல்லை. இந்த வான்களின் பம்புக்கு உள்ளே ஓடும் டீசலே எண்ணெயும்கூட. மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் குறைவு, பம்ப் தேயும். பெற்றோல் துணி அதைவிட மோசம்: ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது உள்ளே கண்டபடி வெடித்துப் பிஸ்டனை உடைக்கும், துணியும் உள்ளே போகும். லேசாக எடுக்க வேண்டுமென்றால் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழுதானதை மட்டும் மாற்றினால் போதும்.