உயிலில் பெயரை அடித்து எழுதலாமா?

கேள்வி: காரைக்குடி அருகே வசிக்கும் எனக்கு வயது 74. 2004-இல் உயில் எழுதிப் பதிவு செய்தேன். 'என் வீடு', வங்கியில் இருந்த ஒரு வைப்புத்தொகை ஆகியவற்றை மகனுக்கும், வெள்ளி, பித்தளைச் சாமான்களை மகளுக்கும் எழுதியிருந்தேன். சென்ற ஆண்டு மகன் காலமானான். அவன் பெயரை அடித்துவிட்டுப் பேரன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டால் போதுமா?
– செட்டிநாட்டு வாசகர்

பதில்: போதாது, ஐயா. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில் செய்யும் திருத்தத்திற்கும் உயிலைப் போலவே உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். அவை இல்லையென்றால், அடித்த சொல் படிக்கும்படி இருக்கும்வரை பழைய சொல்லே நிற்கும். போதாக்குறைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள நகல் ஒன்றும் உங்கள் கையில் உள்ளது வேறொன்றும் சொல்லும்.

திருத்தாமல் விட்டாலும் மகனின் பங்கு வீணாகாது. மகன் பிள்ளையை விட்டுச் சென்றிருப்பதால், உங்களுக்குப் பின்னர் அவர் இறந்ததாகவே சட்டம் கருதும். அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவ்வாரிசுகள் பேரன் மட்டுமல்லர், மருமகளும், உங்கள் மனைவி இருந்தால் தாய் என்ற முறையில் அவரும்தான். பேரனுக்கு மட்டும் என்பது உங்கள் எண்ணமானால் அதைப் புதிய உயிலில் வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும்.

'என் வீடு' என்ற சொல்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நம் பக்கத்துப் பூர்வீக வீடுகளில் முகப்பும் பட்டாலை என்ற கூடமும் வளவு என்ற உள்முற்றப் பகுதியும் பங்காளிகள் அனைவருக்கும் பொது. ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒருவரின் தனிக் குடும்பத்துக்கு, உரியது பெரும்பாலும் பிரிபடாத ஒரு பங்கும், பழக்கத்தால் அனுபவித்துவரும் ஓர் அறையும்தான். உங்களுடைய பங்கு எத்தனையில் ஒன்று, அது யார் வழியாக, எந்தப் பத்திரத்தின்படி வந்தது என்பதையும், அறையைப் பற்றிப் பாகப்பிரிவினைப் பத்திரமோ முறியோ (எழுதிவைத்த உடன்பாடு) இருந்தால் அதன் தேதியையும் எழுதுங்கள். இல்லாத முழு உரிமையை எழுதினால் பேரனுக்குக் கிடைப்பது வீடல்ல, பங்காளிகளோடு வழக்கு.

சாமான்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் மனைவி திருமணத்தின்போது தாய்வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்தவை அவருடைய சொத்து. அவற்றை நீங்கள் யாருக்கும் எழுதிவைக்க முடியாது. (திருமணத்தில் எல்லோரும் பார்க்கப் பரப்பி வைத்த சீர்ச் சாமானின் பழைய பட்டியல் கிடைத்தால் அதைவிட நல்ல சான்று வேண்டாம்.)

2004-இல் குறிப்பிட்ட வைப்புத்தொகையை முடித்துப் பணத்தை வேறு விதத்தில் செலவிட்டிருந்தால், அந்த வாசகம் பயனற்றுப் போகும். எனவே கணக்கு எண்ணோடு நிறுத்தாமல், 'நான் இறக்கும் நாளில் என் பெயரில் உள்ள வைப்புகள் யாவும்' என்று எழுதுவது நல்லது.

பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத உயிலாலும் மாற்றலாம். ஆனாலும் புதியதையும் பதிவு செய்யவே சொல்வேன். பழைய உயிலின் தேதியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு அதை ரத்து செய்வதாக முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாகவும், உயிலால் எதுவும் பெறாதவர்களாகவும் இருக்கட்டும்.