டோக்கன் வரிசையாக வந்தால் மரம் சாயும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்காய் மண்டிக்கு ஜாவாவில் எடைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். வண்டி டோக்கன்களை நானே எழுதிய பைனரி சர்ச் ட்ரீயில் வைத்திருக்கிறேன். சோதனைக்கு 50,000 டோக்கன் ஏற்றினால் திணறி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடுகிறது. ஏவிஎல் மரமாக மாற்றி எழுதட்டுமா?

பதில்: கோளாறு டோக்கன் வரும் வரிசையில் இருக்கிறது. பைனரி சர்ச் ட்ரீயில் சிறிய எண் இடப்பக்கக் கிளைக்கும் பெரிய எண் வலப்பக்கக் கிளைக்கும் போக வேண்டும். உங்களுக்கு வருவதெல்லாம் முந்தையதைவிடப் பெரிய எண்தான். கிளையே பிரியாமல் ஒரே கொடியாக நீள்கிறது. 50,000 ஏற்றி முடிக்கச் சுமார் 125 கோடி ஒப்பீடுகள் ஆகும். ரிகர்ஷனில், அதாவது செயல்பாடு தன்னையே திரும்ப அழைக்கும்படி எழுதியிருந்தால், அந்த அழைப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக் நினைவகமும் தாங்காது.

ஒரு பக்கம் சாயாமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் சமநிலை மரம் என்ன செய்கிறது? 101 வேர், அதற்கு வலத்தில் 102. அதற்கும் வலத்தில் 103 வந்ததுமே 102 மேலேறி வேராகிறது, 101 இடப்பக்கம் இறங்குகிறது. 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் வெளியிட்ட ஏவிஎல் மரத்தின் உயிரே இந்தச் சுழற்சிதான். தாளில் ஏழெட்டு எண்களுக்கு வரைந்து பாருங்கள், மனதில் நிற்கும்.

ஆனால் மண்டிக்கு அதை நீங்கள் எழுத வேண்டாம். நீக்கும் பகுதியில் ஒரு பிழை நுழைந்தால் சீசன் நெரிசலில் உட்கார்ந்து தேட முடியாது. ஜாவாவிலேயே தயாராக இருக்கும் ட்ரீமேப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அது உள்ளுக்குள் சிவப்பு-கருப்பு மரம் என்ற இன்னொரு சமநிலை மரம்தான். 50,000 டோக்கனில் எதைத் தேடினாலும் 32 ஒப்பீட்டைத் தாண்டாது.

டோக்கன் எண்ணைச் சொன்னால் எடை வர வேண்டும், அவ்வளவுதான் என்றால், வரிசை பார்க்காமல் எண்ணை வைத்து நேராக எடுத்துத் தரும் ஹேஷ்மேப் போதும். "காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வந்த வண்டிகள் எவை?" என்று கேட்பீர்களானால் நேரத்தைச் சாவியாக (தேடும் அடையாளமாக) வைத்த ட்ரீமேப்பில், இரண்டு எல்லைக்கு இடைப்பட்டதை எடுத்துத் தரும் சப்மேப் கைகொடுக்கும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நேரத்தை மட்டும் சாவியாக வைத்தால், 6.42-க்கு இரண்டு டெம்போ வந்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். பிழைச் செய்தியும் வராது. ஒரு விவசாயியின் எடை காணாமல் போயிருக்கும். நேரத்தோடு டோக்கன் எண்ணையும் சேர்த்துச் சாவி அமையுங்கள், முதலில் நேரம், அப்புறம் எண் என்று ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, ட்ரீமேப் நினைவகத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு எடையையும் அப்போதைக்கப்போதே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். அதுவும் பி-ட்ரீ என்ற சமநிலை மரத்தில்தான் டிஸ்க்கில் சேமிக்கிறது. நேரப் பத்திக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டுவிட்டால், அந்த ஆறு-எட்டு மணிக் கேள்வியை நேராக அதனிடமே கேட்கலாம்.