பிலிப்பைன்ஸ் தேர்தலில் இயந்திரம் எதை மாற்றியது?

எண்ணும் இயந்திரம் வந்ததும் பிலிப்பைன்ஸில் தேர்தல் மோசடி ஒழிந்துவிட்டது என்று கல்லூரிக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள்.

2010க்கு முன் நாட்டில் பெரும்பாலும் கையால்தான் எண்ணினார்கள். வாக்குச்சாவடிக் கணக்கு நகராட்சி, மாகாணம் என்று மேலே போகும் வழியில் ஒருவர் வாக்கைக் குறைத்து இன்னொருவருக்கு ஏற்றுவது நடந்தது. இயந்திரம் அடைத்தது இந்த வழியை. அது பெரிய விஷயம்தான்.

இப்போது வாக்காளர், வேட்பாளர் பெயருக்குப் பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கி, தாளை இயந்திரத்தில் நுழைக்கிறார். அச்சாகி வரும் ரசீதைப் பார்த்துவிட்டு அங்கேயே பெட்டியில் போட வேண்டும். வெளியே கொண்டுபோக விட்டால் அதைக் காட்டிக் காசு வாங்கலாமே! ஓட்டுக்குப் பணம் இன்னும் ஓயவில்லை. பேஸ்புக் வதந்தியும் அப்படித்தான்.

அப்புறம், 2025இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் பலர் இணையத்தில் வாக்களித்தார்கள். அங்கே திரும்ப எண்ண வாக்குச்சீட்டே இல்லை. கட்டுரையை இதிலிருந்து தொடங்குங்கள்.