ஊசி நூல் கேள்வி பதில்: 23 வருடத்துப் போர்வை

சென்ற இதழில் காஜா தையல் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "23 வருடமாகக் கிடந்த ஒட்டுப்போர்வையை ஒருவழியாகத் தைத்து முடித்துவிட்டேன், விரலெல்லாம் ஓட்டை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். காஜாவை விட்டுவிட்டு எல்லாரும் போர்வையைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த முறை அதற்கே இடம்.

அது என்ன போர்வை? யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?
வாசகி, தஞ்சாவூர்

அதன் பெயர் கவந்தி. வட கர்நாடகத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கிற போர்வையைக் கவுதி என்பார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கிற சித்தி மக்கள் தைப்பது கவந்தி. சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பித்து மலைக்காட்டுக்குள் வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா பக்கம் இருக்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று மதத்திலும் சித்திகள் உண்டு.

என் கணவருக்கு வங்கி வேலை. 1999-இல் எல்லாப்பூருக்கு மாற்றல் வந்தது. பாக்குத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. அங்கே ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. துணி காயாமல், அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டதில் என் புடவையெல்லாம் புகை வாசம். அந்தத் தோட்டத்துக்குப் பாக்கு உரிக்க வருகிற பெண்களில் ஒருவர்தான் அக்கா. பெயரைப் போட வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் 'தங்கி' என்று கூப்பிடுவார், கன்னடத்தில் தங்கை. அப்போது சித்திகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள். 2003-இல்தான் அது கிடைத்தது. அக்காவின் பாதிப் பேச்சு அதைப் பற்றியே இருக்கும், மீதிப் பேச்சு என் சமையலைப் பற்றி.

மழையில் தோட்டவேலை குறையும்போது மடியில் துணியைப் போட்டுக்கொண்டு தைப்பார். நான் தையல் டிப்ளமா வாங்கியவள் அல்லவா, டேப், சாக்கட்டி, கத்தரி எல்லாம் எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன். "அளவு என்ன அக்கா?" என்றேன். என்னைத் தரையில் படுக்கச் சொன்னார். தலைக்கு மேலே ஒரு விளக்குமாற்றுக் குச்சி, காலுக்குக் கீழே ஒன்று. அதுதான் அளவு. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

நாம் ஒட்டுவேலை செய்தால் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அப்புறம் அடித்துணியோடு இணைப்போம். கவந்தியில் எல்லாம் ஒரே வேலை. அடியில் ஒரு பழைய நூல் புடவை. மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒரு துண்டை அதன்மேல் வைத்து, பிசிறை விரலாலேயே உள்ளே மடித்து, எல்லா அடுக்கும் சேர்கிற மாதிரி ஓட்டுத் தையல் போட வேண்டும். அந்தத் துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டைச் செருக வேண்டும். ஓரத்தைச் சுற்றி வந்ததும் ஒரு விரல்கடை தள்ளி அடுத்த சுற்று. கோலம் நடுவில் தொடங்கி வெளியே விரியும், கவந்தி வெளியே தொடங்கி நடுவில் மூடும். நான்கு மூலையிலும் துணியை மடித்து மடித்து முக்கோணமாக்கிப் பூ மாதிரி வைப்பார்கள். அதற்கு ஃபுலா என்று பெயர். அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. ஆனால் ஃபுலா இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிற மாதிரி என்பார்கள்.

ஒரு போர்வைக்கு 23 வருடமா? எங்கள் அம்மா ஒரே மாதத்தில் தைத்துவிடுவார்.
வாசகி, கரூர்

உலகத்துக்கே விரிப்பும் திரையும் அனுப்புகிற ஊர்க்காரர் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்காவும் ஒரு மழைக்கு இரண்டு முடிப்பார். தாமதம் முழுக்க என்னுடையது.

2001 ஆடியில் ஆரம்பித்தோம். நான்கு ஃபுலாவும் முதல் இரண்டு சுற்றும் அக்கா போட்டார். மூன்றாவது சுற்று நான். அடுத்த வருடம் திருச்சிக்கு மாற்றல். மடித்துப் பையில் வைத்துக் கொடுத்து, "மீதியைத் தைத்துக் கொண்டுவந்து காட்டு" என்றார். அந்தக் 'காட்டு' என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. காட்டுகிற பொருள் நன்றாக இருக்க வேண்டுமே என்று நல்ல துணிக்குக் காத்திருந்தேன். மகள் கல்யாணத்துக்குப் பிறகு என்றேன். மாமியார் ஆபரேஷனுக்குப் பிறகு என்றேன். வருடத்துக்கு நாலு துண்டு, சில வருடம் அதுவும் இல்லை. தீபாவளிக்குப் போன் செய்யும்போதெல்லாம் "எந்தச் சுற்றில் இருக்கிறாய்?" என்பார். கூசாமல் ஒரு சுற்று கூட்டியே சொல்வேன்.

2012-இல் அவர் மகளிடமிருந்து போன். அக்கா போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அதன் பிறகு யாரிடம் காட்டுவது? டிரங்குப் பெட்டியில் போட்டு, நாலு ரசக்கற்பூர உருண்டையும் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மனம் மாறித் திரும்ப எடுத்ததாக எழுத ஆசைதான். நடந்தது வேறு. 2023 ஐப்பசி மழையில் பரண் ஒழுகியது, பெட்டியை இறக்க வேண்டியதாயிற்று. திறந்தால் ஒரு துண்டை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. நான் வைத்த ஆர்கண்டித் துண்டு, கஞ்சி போட்டது. (கஞ்சி போட்ட துணியை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள் என்று இதே பகுதியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!) அதை மாற்றத்தான் உட்கார்ந்தேன். மாற்றிய பிறகு ஊசியில் இன்னும் இரண்டு முழம் நூல் இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று தொடர்ந்தேன். 2024 தையில் முடிந்தது.

என் தையல் டீச்சர் சென்ற வருடம் காலமானார். அவர் பாதி தைத்த விரிப்பை அவர் வீட்டில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கைநேர்த்தி எனக்கு வராது. பிரித்துவிட்டு முழுவதும் நானே தைக்கட்டுமா, அல்லது அவர் மாதிரியே தைத்துப் பழகிவிட்டுத் தொடரட்டுமா?
வாசகி, நாகர்கோவில்

இரண்டும் வேண்டாம் அம்மா. இரண்டாவதை நான் செய்து பார்த்துவிட்டேன்.

அக்காவின் தையல் அங்குலத்துக்கு நாலுதான் வரும், ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்திருக்கும். என்னுடையது அங்குலத்துக்கு ஏழு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. அவர் மாதிரியே சாய்த்துத் தைக்க மூன்று சாயங்காலம் பாடுபட்டேன். தைப்பதும் பிரிப்பதுமாகப் போயிற்று. அப்புறம்தான் உறைத்தது: அவர் தையல் சாய்ந்ததற்குக் காரணம் இடது ஆள்காட்டி விரல். பாக்குக் கத்தி பட்டு அது பாதி மடங்காது. துணிக்கு அடியில் ஊசியை வாங்குகிற விரல் அதுதானே. மடங்காத விரல் போட்ட தையலை மடங்குகிற விரலால் நான் நடித்துக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டேன். இப்போது விளக்கை அணைத்துவிட்டுத் தடவினாலும் அக்கா எங்கே முடிந்தார், நான் எங்கே ஆரம்பித்தேன் என்று தெரியும்.

பிரிப்பது அதைவிடத் தப்பு. பழைய நூலைப் பிரித்தால் துணியில் துளைகள் பெரிதாகும், இழை விடும். டீச்சரின் நூல் இற்றிருக்கிறதா என்று ஒரு முனையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இற்றிருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் புது நூலில் ஒரு வரி ஓட்டுங்கள், பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். துணியில் ஊசி குத்தியபடியே இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், துருக்கறை இறங்கும். இறங்கிவிட்டதென்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் காட்டிப் பாருங்கள். கறை மங்கும், ஆனால் நிறமும் சேர்ந்து மங்கலாம், அதனால் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று. அவர் வீட்டில் மீதித் துணி இருக்கிறதா என்று கேளுங்கள். நானும் கேட்டேன். நடுவில் விழுகிற கடைசித் துண்டு அக்காவின் புடவையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் மகள் சிரித்துவிட்டார். "அம்மா புடவை எங்கே இருக்கும்? எல்லாம் கவந்திக்குப் போய்விட்டதே!" அந்த வீட்டில் பழம்புடவை என்று ஒன்று மிஞ்சுமா என்ன, நான்தான் யோசிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன் பையனின் கிழிந்த பள்ளிக்கூடச் சட்டையைத் தபாலில் அனுப்பினார். என் கவந்தியின் நடுவில் இருப்பது அந்த நீலச் சட்டைதான். சட்டைப்பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருக்கிறது.

பழைய சுங்குடிப் புடவைகள் நிறைய இருக்கின்றன. கூடவே பட்டு, பாலியஸ்டர் துண்டுகளும் சேர்க்கலாமா?
வாசகி, திண்டுக்கல்

பாலியஸ்டர் வேண்டாம். கையால் தைக்கும்போது வழுக்கும், விரலால் மடித்தால் மடிப்பு நிற்காது. வியர்வையையும் உறிஞ்சாது. பட்டு அழகுதான், ஆனால் நூல்துணி மாதிரி அடித்துத் துவைக்க முடியாது. போர்வை என்றால் அடித்துத் துவைக்கத்தானே வேண்டும்? ஜரிகை வைத்த துண்டு குழந்தையைக் குத்தும்.

சுங்குடி அருமையான துணி, ஆனால் சாயத்தில் கவனம். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளிகிற வரைக்கும் தனியாக நாலைந்து முறை அலசுங்கள். உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பித்தான் ஒரு சிவப்புச் சுங்குடியை ஊறவைத்துச் சேர்த்தேன். முதல் துவைப்பிலேயே பக்கத்திலிருந்த வெள்ளை வேட்டித் துண்டு ரோஸ் ஆகிவிட்டது. வேட்டி என் கணவருடையது. அந்த ஆர்கண்டி போய், இந்த ரோஸ் வந்து, போர்வைக்கு என் பங்கு இதுதான் என்று சொல்லிக்கொள்கிறார்.

கவந்தியை மெஷினில் தைக்கலாமா?
வாசகி, ஈரோடு

தைக்கலாம். நடுவுக்கு வரும்போது, சுற்றிலும் இருக்கிற கனத்தை மெஷின் கைக்குள் சுருட்டித் திணிக்க வேண்டியிருக்கும், அப்போது என்னைத் திட்டாதீர்கள்.

உங்கள் கவந்தியை விலைக்குத் தருவீர்களா? என் மனைவிக்குப் பரிசளிக்க வேண்டும்.
வாசகர், பெங்களூரு

பெங்களூரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் கவந்திகளைப் பற்றி எழுதிய பிறகு வெளியூர்க்காரர்கள் தேடி வருவது அங்கே புதிதில்லை. தைத்த பெண்ணிடமே வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள், ஒன்றைத் தைத்துப் பார்த்தவள் சொல்கிறேன்.

என்னுடையது விலைக்கு இல்லை. கேட்டாலும் இன்றைக்குத் தர முடியாது, மொட்டைமாடிக் கொடியில் கிடக்கிறது. நேற்று பேரன் அதன்மேல் கேழ்வரகுக் கஞ்சியைக் கொட்டிவிட்டான். கஞ்சி என்றதும் எனக்கு ராமபாணம் ஞாபகம் வந்து, உடனே ஊறப்போட்டேன். தண்ணீர் குடித்த கவந்தியை ஒருவர் பிழிய முடியாது. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை என்று பிடித்து முறுக்கினோம். திண்டுக்கல் வாசகிக்கு: சுங்குடி இந்த முறை சாயம் விடவில்லை.